கோழி எருவும் குச்சிக்கிழங்குத் திப்பியும்

நாமக்கல் பண்ணையில் ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்கிறது. அதில் ஆறில் ஒரு பங்கு புரதம். புரதத்தை நைட்ரஜன் கணக்காக மாற்றினால் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு கிராம் முட்டையோடு போய்விடுகிறது. மிச்சமுள்ள 1.9 கிராம் அளவு எச்சமாகக் கூண்டுக்கு அடியில் விழுகிறது. ஐம்பதாயிரம் கோழி வைத்திருப்பவரை இந்தப் பக்கத்தில் யாரும் பெரிய பண்ணைக்காரர் என்று சொல்வதில்லை. அவர் கொட்டகையின் அடியில்கூடத் தினமும் ஐந்து டன் ஈர எருவும் அதற்குள் 95 கிலோ நைட்ரஜனும் சேர்கின்றன. யூரியாவாகக் கணக்கிட்டால் 45 கிலோ மூட்டையில் நான்கரை மூட்டை. நாமக்கல் மண்டலம் முழுவதிலும் முட்டைக்கோழிகள் நான்கு கோடிக்கு மேல். அத்தனையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 160 டன் யூரியாவுக்கு ஈடான சத்து இந்தச் சமவெளியில் கொட்டுகிறது.

ஒருங்கிணைந்த பண்ணையம் பற்றிய பேச்சை இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதே சரி. நம் கையேடுகளில் வரும் படம் வேறு மாதிரி இருக்கும். இரண்டரை ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு, பத்து ஆடு, ஒரு மீன்குட்டை, அதன்மேல் கோழிக்கூண்டு, ஓரத்தில் அசோலாத் தொட்டி, மண்புழு உரக்குழி, சாண எரிவாயுக் கலன். ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு இடுபொருள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல்லாண்டுகளாக இத்தகைய மாதிரிகளை வடிவமைத்துச் சோதித்திருக்கிறது. அவற்றின் அறிவியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தில் எழுதப்படாத உறுப்பு ஒன்று உண்டு: விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து இத்தனைக்கும் கை கொடுக்கும் ஒரு குடும்பம். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியிலும் சங்ககிரி லாரியிலும் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிக்கத் தெரிந்துகொண்ட தலைமுறையிடம் அந்தக் கைகளை எதிர்பார்க்க முடியவில்லை.

அதனால் இங்கே ஒருங்கிணைப்பு இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை. அது வேலியைத் தாண்டி வெளியே போய்விட்டது. கோழி ஒருவருடையது, குச்சிக்கிழங்கு இன்னொருவருடையது, ஜவ்வரிசி ஆலை மூன்றாமவருடையது. இவற்றைச் சேர்த்து முடிப்பவர்கள் லாரிக்காரரும் தரகரும். எரு கேரளத் தோட்டங்கள்வரை போகிறது. ஆலையில் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. கரும்புச் சக்கை காகித ஆலைக்குப் போகிறது. சேர்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இந்த நிலப்பரப்பு முழுவதையும் ஒரே பண்ணையாகப் பார்த்தால்தான், எந்தச் சுழற்சி மூடுகிறது, எது திறந்தபடி ஒழுகுகிறது என்பது தெரியும்.

குச்சிக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். மரவள்ளி என்பது புத்தகப் பெயர், சேலத்தில் குச்சிக்கிழங்குதான். தென்னமெரிக்கப் பயிரான இது போர்ச்சுக்கீசியர் வழியாகக் கேரளம் வந்து, 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்ததால் அங்கே பரவியது. சேலத்தில் அது ஆலைப் பயிரானதற்குக் காரணம் போர். இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றது. அமெரிக்க மக்காச்சோள மாவும் கிடைக்கவில்லை. கருவாட்டு வணிகத்துக்காகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், கிழங்கு மாவில் ஒரு வாய்ப்பைக் கண்டார். பினாங்கில் தொழில் தெரிந்துகொண்டு வந்திருந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து 1943-ஐ ஒட்டி உற்பத்தியைத் தொடங்கினார். அதன்பின் ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என்று ஆலைகள் பெருகின. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆலைக்குள் நடப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தோல் சீவிய கிழங்கு அரவைக்குள் போய், தண்ணீரோடு சல்லடையில் இறங்குகிறது. பால்போன்ற மாவுநீர் தொட்டியில் தங்கித் தெளியும். அடியில் ஈரமாவு கெட்டியாகப் படியும். சல்லடையில் நிற்கும் நார்ச்சக்கைதான் திப்பி. பிழிந்தாலும் வெளியேறாத மாவு அதில் கணிசமாக ஒட்டியிருக்கும். மேலே தெளிந்த தண்ணீர் புளித்த வாடையோடு வெளியே போகிறது. அமிலத் தன்மையும் லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் ஆக்சிஜன் தேவையும் கொண்ட நீர் அது. வசிஷ்ட நதியும் திருமணிமுத்தாறும் ஆண்டுக்கணக்கில் அந்த வாடையைச் சுமந்தன. ஆலைக்குப் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் சிமென்ட் களம். ஜவ்வரிசியும் மாவும் திப்பியும் அதில்தான் காய்கின்றன. கூரையில் பலகை மாட்டினால் மட்டுமே சூரிய ஆற்றல் என்று எண்ணும் காலத்தில், இந்த மாவட்டத்தின் மிகப் பழைய சூரிய ஆற்றல் நிலையம் அந்தக் களம்தான் என்பதை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

வெளியேறும் நீரிலிருந்து எரிவாயு எடுக்க முடியும் என்பது இங்கே பழைய செய்தி. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மத்திய அரசு உயர்வேக எரிவாயு நொதிப்புக்கான செயல்விளக்கத் திட்டம் ஒன்றை நடத்தியபோது, சேலத்து மரவள்ளி ஆலையும் அதில் இடம்பெற்றது. கழிவுநீர்க் கலன் அமைத்த ஆலைகள் கிடைத்த வாயுவைக் கொண்டு மின்னாக்கி ஓட்டுகின்றன, ஜவ்வரிசி வறுக்கவும் பயன்படுத்துகின்றன. முன்பு அந்த அடுப்புக்கு வேண்டியது விறகு. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் நெருக்குதலும் மின்கட்டணமும் சேர்ந்து செய்த வேலை இது. தண்டத்துக்கு அஞ்சிக் கட்டிய தொட்டி வருமானம் தரத் தொடங்கியதும் முதலாளிகளின் பேச்சு மாறியது.

இனி இரண்டு கழிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இருபது முதல் முப்பது பங்கு கார்பன் வேண்டும். மாட்டுச் சாணம் இந்த எல்லைக்குள் தானாகவே அமைந்துவிடுகிறது. அதனால்தான் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மிதவைக் கலனிலிருந்து தீனபந்துக் கலன்வரை சாணத்தை நம்பி எழுந்தன. கோழி எருவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கார்பன் ஏழெட்டுப் பங்குதான். கோழி சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. யூரிக் அமிலமாக எச்சத்திலேயே சேர்த்துவிடுகிறது. அதைத் தனியே கலனில் போட்டால் அம்மோனியா ஏறி, நுண்ணுயிர்கள் திணறி, வாயு விழுந்துவிடும். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யலாம்; ஆனால் ஆயிரம் அடிக்குக் கீழே ஆழ்துளையில் தண்ணீர் தேடும் ஊரில் அந்த யோசனையைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். திப்பியோ இதற்கு நேர்மாறு. அதில் கார்பன் ஏராளம், நைட்ரஜன் பெயரளவுக்கே. ஒன்றுக்கு மிகுதியாக உள்ளது மற்றொன்றுக்குப் பற்றாக்குறை. புதுச்சத்திரத்திலும் ராசிபுரத்திலும் கோழிக்கொட்டகையும் சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலையும் ஒரே சாலையில் நிற்கின்றன. வெப்பமண்டலத்தில் இன்னொரு வசதியும் உண்டு. ஐரோப்பாவில் கலனைச் சூடாக வைத்திருக்கவே கிடைத்த ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிறது. சேலத்து வெயிலுக்கு அந்தச் செலவு அநேகமாக இல்லை.

இந்தச் சேர்க்கை காகிதத்தில் அழகாக இருக்கிறது. கலனுக்குள் இறங்கினால் வேறு கதைகள் உண்டு. முட்டை ஓட்டுக்காகத் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்க்கிறார்கள். கோழி செரிக்காத மணிகள் எருவோடு வந்து கலனின் அடியில் கல்லாகப் படிந்து, மெல்ல மெல்லக் கொள்ளளவைத் தின்றுவிடும். இறகு மேலே மிதந்து ஆடைகட்டும். கந்தக வாயு இயந்திரத்தை அரிக்கும். படிவைத் தொட்டியில் வடித்துப் பிறகே எருவை உள்ளே விடுவது, வாயுவைச் சுத்திகரித்து அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, எல்லாமே செலவுதான். எரிவாயு, மின்சாரம், இப்போது வண்டி எரிபொருள் என்று இந்த முயற்சிகள் நாமக்கல்லில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2018 அக்டோபரில் மத்திய அரசு, உயிரி எரிவாயுவை வண்டி எரிபொருளாக்கும் சதத் திட்டத்தை அறிவித்தது. 2020-இல் புதுச்சத்திரத்தில் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 15 டன் வாயு அதன் திறன். கோழி எருவும் சர்க்கரை ஆலை மண்டியும் அதற்குத் தீனி. தூய்மையாக்கிய வாயு பெட்ரோல் பங்குக்குப் போகிறது.

எருவை நொதிக்க வைப்பதற்கும் எரிப்பதற்கும் உள்ள வேறுபாடு பொதுப்பேச்சில் போதிய அளவு வருவதில்லை. கலனில் வெளியேறுவது கார்பனும் ஹைட்ரஜனும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூன்றும் கழிநீர்க் குழம்பில் அப்படியே தங்கும். கொதிகலனில் எரித்தால் பாஸ்பரஸும் பொட்டாஷும் சாம்பலில் மிஞ்சும்; நைட்ரஜன் புகைபோக்கி வழியாகப் போய்விடும், மண்ணுக்குப் போக வேண்டிய கரிமப்பொருளும் போய்விடும். கோழி எருவை எரித்து மின்சாரம் எடுக்கும் உலகின் முதல் நிலையம் 1992-இல் இங்கிலாந்தின் ஐ என்ற ஊரில் வந்தது. 1998-இல் தெட்போர்டில் 38.5 மெகாவாட் நிலையம். பிறகு நெதர்லாந்தும் அதே வழியில் போனது. அங்கே நிலத்தில் சத்து மிதமிஞ்சி, நீர்நிலைகள் பாசிபிடித்துப் போன நெருக்கடி. சத்தைத் தொலைப்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. வெப்பத்தில் கரிமச்சத்து விரைவாகச் சிதைந்துபோகும் நம் செம்மண்ணுக்கு அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருவது, நோயில்லாதவனுக்கு மருந்து கொடுப்பதைவிட மோசம். கரும்புச் சக்கையை எரிக்கலாம். அதில் இழக்க நைட்ரஜன் அதிகமில்லை. கோழி எருவை எரிக்கக் கூடாது என்பது என் முடிவு. நாமக்கல்லில் அதற்கும் முயற்சிகள் நடந்தன. கார்பன் வரவு விற்கும் கணக்கில் அவை பசுமைத் திட்டங்களாகவே எண்ணப்பட்டன.

சென்னை தரமணியில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தை நடத்திய சி.வி. சேஷாத்திரி 1980-களிலேயே இந்த அளவுகோலைக் கேள்வி கேட்டவர். ஆற்றலை எந்திரம் ஓட்டும் திறனாக மட்டுமே அளக்கும் அறிவியல், உணவாகவும் எருவாகவும் பயன்படும் பொருள்களைத் தாழ்த்தி மதிப்பிடுகிறது என்பது அவர் வாதம். வேதிப் பொறியாளர் ஒருவர் வெப்ப இயக்கவியலையே அப்படிக் கேட்டது பலருக்குப் பிடிக்கவில்லை. கோழி எருவின் மதிப்பை அதன் கலோரியில் எழுதும் ஒவ்வொரு திட்ட அறிக்கையும் அவர் சொன்னதற்குச் சான்றாகவே எனக்குப் படுகிறது.

சத்து இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது, பக்கத்தில் வயலும் இருக்கிறது. பிறகு ஏன் பாதி நைட்ரஜன் கொட்டகைக்கு அடியிலேயே அம்மோனியாவாகக் காற்றில் போகிறது? உயரக் கொட்டகையில் மாதக்கணக்கில் எரு குவிந்து கிடக்கிறது. உள்ளே நுழைந்தால் கண் எரிவது அந்த இழப்பின் அடையாளம்தான். விடை யூரியா விலையில் இருக்கிறது. 45 கிலோ மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் சொச்சத்தில் கிடைக்கிறது. உண்மை விலையின் பெரும்பகுதியை அரசு மானியமாகக் கட்டுகிறது. ஐம்பதாயிரம் கோழி நாளெல்லாம் கொடுக்கும் நான்கரை மூட்டை நைட்ரஜனின் சந்தை மதிப்பு 1,200 ரூபாய். அதே பண்ணையில் அன்று விற்கும் முட்டையின் பணத்துக்கு முன் அது ஒரு பொருட்டே அல்ல. எருவைத் தினமும் அள்ள ஆள் வைத்தால் அவர் கூலியே அதைத் தின்றுவிடும். யூரியாவுக்கு மூட்டைக்கு மூட்டை மானியம் தரும் அரசு, எரிவாயு ஆலைகளின் கரிம உரத்துக்கு 2023-இல்தான் டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவித்தது. நல்ல தொடக்கம்தான். இருந்தாலும் குழம்பு உரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். டேங்கரில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போனால் டீசல் கட்டாது. உலர்ந்த பகுதியைப் பிரித்து மூட்டையாக்கினால் பாஸ்பரஸ் தூரம் போகும். நைட்ரஜனில் பெரும்பகுதி தண்ணீரோடு ஆலைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

இந்தச் சத்து இங்கே விளைந்ததும் அல்ல. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அது கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறது. சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் வருகிறது. அந்த வயல்களின் மண்சத்து ரயிலேறி வந்து நாமக்கல் கூண்டுக்கடியில் குவிகிறது. திரும்பிப் போக ரயில் இல்லை. மேலே சொன்ன ஒரே பண்ணை என்ற கணக்குக்கு ஒரு வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது.

அந்த வாசலில் அண்மையில் போட்டியும் வந்துவிட்டது. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை மக்காச்சோளத்தையும் மரவள்ளியையும் எத்தனாலுக்கான மூலப்பொருள்களாகப் பட்டியலிட்டது. பெட்ரோலில் 20 சதவீதக் கலப்பு இலக்கை நாடு 2025-இல் தொட்டது. அதற்குள் மக்காச்சோளம் பெருமளவில் சாராய ஆலைகளுக்குத் திரும்பி, ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024-இல் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. நாமக்கல் பண்ணையாளர்கள் தீவன விலை ஏறிய வேதனையில் தீர்வையில்லா இறக்குமதி கேட்டார்கள். கார் குடிக்கும் சோளத்தைக் கோழி கேட்கிறது என்ற நிலை. எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் தானியச் சக்கை, தீவன வியாபாரிகள் டி.டி.ஜி.எஸ். என்று சொல்வது, திரும்பக் கோழிக்கே வருகிறது. இதையும் ஒருங்கிணைப்பு என்றே அறிக்கைகள் எழுதும். மாவுச்சத்து போய் மூன்றில் ஒரு பங்கு எடைதான் மிஞ்சுவதால், சோளத்தில் இருந்த பூஞ்சை நஞ்சும் அதில் மூன்று மடங்காகச் செறிந்திருக்கும். பண்ணையாளர் அதைப் பார்த்துப் பார்த்துக் கலக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் யோசித்தவர் டி.ஆர். பிரெஸ்டன். கியூபா, கொலம்பியா, வியட்நாம் என்று வெப்பமண்டல நாடுகளில் வாழ்நாளைக் கழித்த கால்நடை அறிவியலாளர். இறக்குமதித் தானியத்தை நம்பாமல், உள்ளூரில் மண்டிக் கிடக்கும் தாவரத்தை முதலில் தீவனமாக்கு, அதன் கழிவை மலிவான பிளாஸ்டிக் குழாய்க் கலனில் வாயுவாக்கு, மிஞ்சிய நீரைக் குட்டைக்கும் வயலுக்கும் விடு என்பது அவர் வழி. மரவள்ளித் தழை அவருடைய ஆய்வில் முக்கியமான இடம் பெற்றது. காய்ந்த தழையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உண்டு. சேலத்தில் கிழங்கு பிடுங்கும் நாளில் தழை வரப்பில் வாடிக் கிடக்கிறது, நடவுக்கு வேண்டிய கரணை போக எஞ்சிய குச்சி எரிகிறது. பச்சைத் தழை மேய்ந்த ஆடு சயனைடு ஏறிச் சாகும் என்ற பயம் நியாயமானதுதான். நன்றாக உலர்த்தினாலோ ஊறுகாய்ப்புல்லாகப் பதப்படுத்தினாலோ அந்த நஞ்சு வெகுவாக இறங்கிவிடும். சோயாப் புண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம் அழும் மாவட்டத்தில் இந்தப் புரதத்தைக் கணக்கில் எடுக்காதது எனக்குப் புரியாத ஒன்று.

ஒரே பயிரை நம்பிய சுழற்சி எவ்வளவு எளிதில் அறும் என்பதையும் அண்மையில் பார்த்தோம். தேமல் நோய் ஏற்கெனவே விளைச்சலைக் குறைத்துக்கொண்டிருந்தது. 2020-இல் திருச்சூரில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே சேலம், நாமக்கல் வயல்களில் நுனிக்குருத்தைச் சுருட்டியது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவைப் பட்டினியின் விளிம்புக்குக் கொண்டுபோனது. அதை அடக்க ஹான்ஸ் ஹெரன் குழு தென்னமெரிக்காவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தது; 1995-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவி பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடுவிக்கப்பட்டது. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் குளவி ஒன்று சேகோ ஆலையின் மின்னாக்கியையும் சேர்த்தே காப்பாற்றுகிறது.

முழுதாக மூடிய சுழற்சிக்கு அருகில் வந்த உதாரணம் பள்ளிபாளையத்தில் இருக்கிறது. அங்கே காகித ஆலைக்குப் பக்கத்திலேயே சர்க்கரை ஆலை வந்தது. கரும்புச் சக்கை காகிதமாகிறது. நாருக்கு ஆகாத சோறு எரிபொருளாகிறது. காகித ஆலையின் சுத்திகரித்த நீர் ஓடப்பள்ளிப் பக்கத்துக் கரும்புக்குப் பாய்கிறது. கரும்பு மீண்டும் ஆலைக்கு வருகிறது. சுரேன் எர்க்மனும் ரமேஷ் ராமசாமியும் 2003-இல் வெளியிட்ட தொழில்சார் சூழலியல் நூலில் இதை ஆராய்ந்தார்கள். டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரைக் காட்டிப் பாடம் நடத்தும் நம் கல்லூரிகளுக்குக் காவிரிக்கரை கண்ணில் படுவதில்லை. இங்கே அது நிலைத்ததற்குக் காரணம் எளிது: சக்கை கிடைக்காவிட்டால் காகித ஆலைக்குச் சேதம், தண்ணீரை ஏற்காவிட்டால் ஆலையே நிற்கும். கோழிப் பண்ணைக்கும் சேகோ ஆலைக்கும் இடையில் அப்படி ஒருவரை ஒருவர் கட்டிப்போடும் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

அப்படி ஒன்று எழுதப்பட்டால் அதன் சிக்கலான பிரிவு பருவம் பற்றியதாக இருக்கும். கோழி ஆண்டு முழுவதும் எச்சமிடுகிறது. சேகோ ஆலை புரட்டாசிவாக்கில் சூடுபிடித்துப் பங்குனி, சித்திரையோடு ஓய்கிறது. பிறகு நான்கைந்து மாதம் கலனுக்குக் கார்பன் எங்கிருந்து வரும்? சோளத்தட்டு, கரும்புச் சோகை இரண்டையும் கலன் அவ்வளவு எளிதில் செரிக்காது. நறுக்கிப் போட வேண்டும். களத்தில் காயவைத்த திப்பி கெடாமல் நிற்கும். பருவத்தில் மலிவாக வாங்கி அடுக்கிவைத்தால் கோடையைத் தாண்டலாம். ஆனால் சித்திரை, வைகாசியில்தான் புல் கருகி மாட்டுக்காரரும் அதே திப்பிக்கு வருகிறார். விலையும் அப்போதுதான் ஏறுகிறது. மாட்டுக்குக் கொடுத்துச் சாணமாக வாங்கினால் கலனுக்கும் கிடைக்கும், பாலும் மிஞ்சும். எரிவாயு ஆலையின் கொள்முதல் அதிகாரி அந்த மாதத்தில் மாட்டுக்காரரைவிட டன்னுக்கு நூறு ரூபாய் கூடுதலாகச் சொல்லலாமா என்பதை, ஒப்பந்தம் எழுதும்போதே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.